எண்பத்தொன்று

என் கருவிக்கு இரண்டு கண்ணாடிக் கண்கள்.
ஒன்று வானத்தைப் பார்க்கும், மற்றது தரையை.
எவ்வளவு வெயில் வந்தது, எவ்வளவு திரும்பிப் போனது,
அதற்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.
பதினேழு வருடமாக நான் அதற்கு பேட்டரி போடுகிறேன்,
அது எனக்குச் சோறு போடுகிறது.

கித்திலாவுக்கு வடக்கே, ஏப்ரல்.
சூரியன் ஊர் திரும்பி
எழுந்து போகத் தெரியாத விருந்தாளியாய் உட்கார்ந்திருக்கிறான்.
இடுப்பளவு வெண்பனி.
வைக்கோல் அறுத்து அப்பா கைவிட்ட நிலத்தில்
கருவியை நிறுத்தினால்
வந்த நூறில் எண்பத்தொன்று திரும்பிப் போகிறது.
கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அங்கே
பொய்கூடச் சொல்ல முடியாது,
கண் கலங்கிவிடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்ப்ரூஸ் காடு.
கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் பன்னிரண்டு.
மீதியை எல்லாம் அந்தக் கரிய ஊசியிலைகள்
மடியில் முடிந்துகொள்கின்றன.
நிழல் என்றாலே குளிர்ச்சி என்பவர்கள்
ஏப்ரலில் இந்தப் பக்கம் வந்ததில்லை.

தம்பி ஔலிஸுக்கு முதுகுவலி.
மர லாரி ஓட்ட இனி முடியாது.
ஹெல்சின்கியில் ஒரு கம்பெனி
நட்ட மரத்துக்குப் பணம் தருகிறதாம்,
மரம் கார்பனைக் குடிக்கும் என்பதற்காக.
மேசையில் மீன் சூப் ஆறிக்கொண்டிருக்க
என் எண்களை அவன் முன் பரப்பினேன்.

"அப்போ மரம் கெட்டதா?"
இல்லை.
"நல்லதா?"
குடிப்பது உண்மைதான். ஆனால் பனியின் மேல் கறுப்பு
"ஒரே வார்த்தையில் சொல், ஈர்யா."

பதினேழு வருடம்.
அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை.

ஜூலையில் அதே கோபுரம் ஏறினேன்.
கொசுக்கள். வெயிலில் பிசின் இளகி
பைன் வாசனை தொண்டைவரை.
அந்த வாசனைதான் மேலே போய்த் துகளாகிறது,
துகளைச் சுற்றி ஈரம் கூடுகிறது,
கூடியது மேகமாகிறது.
மேகத்தின் முதுகு வெள்ளை.
அப்பாவின் வயலைப் போலவே அதுவும்
வெயிலை வந்த வழியே அனுப்புகிறது.
ஏப்ரலில் முடிந்ததைக் காடு
ஜூலையில் அவிழ்க்கிறதோ?
எவ்வளவு என்று கேட்காதீர்கள்.
அதற்கு வேறு கருவி, வேறு ஆள்,
அவரும் தலையைச் சொறிகிறார்.

பிரேசிலில், அரிகெமெஸ் பக்கம், ஜோசினெய்டே
இதே வேலையைச் செய்கிறாள்.
"காட்டுக்குள் முப்பது டிகிரி.
வேலி தாண்டி சோயா வயலில் நாற்பத்தொன்று.
எங்கள் மரங்கள் வியர்க்கும், அந்த வியர்வையில்தான்
ஊர் குளிரும்.
வெட்டினவன் தன் விசிறியை வெட்டினான்" என்று எழுதுகிறாள்.
பனியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள்.
அனுப்பினேன்.
வெறும் வெள்ளைத் தாள் வந்திருக்கிறது என்றாள்.

ஔலிஸ் நட்டான்.
நானும்தான் நட்டேன்,
ஜூன் மழையில், குழாயைக் குத்திக் கன்றை நழுவவிட்டு,
குழியை மிதித்து, அடுத்தது.
பாதிக்குமேல் பிர்ச் வாங்க வைத்தேன்,
குளிரில் இலையுதிர்த்துப் பனிக்கு வழிவிடும் என்று.
என் வாதத்தின் மொத்த வெற்றி அது.
"உன் கருவி குனிந்து பார்க்கிறதே,
மூச்சு விடுகிறதா?" என்றான் நடுவில்.
முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இது ஐந்தாவது ஏப்ரல்.
கன்றுகள் பனிக்குள் தூங்குகின்றன.
எண்பத்தொன்று, எண்பத்தொன்று,
வயல் இன்னும் எதுவும் அறியாதது போல.

மேட்டில், காற்று பனியை அரித்த இடத்தில்
ஒரே ஒரு ஸ்ப்ரூஸ் நுனி.
என் சுண்டுவிரல் நீளம் இருக்கும்.
அதைச் சுற்றிப் பனி உருகி
காப்பிக் கோப்பை அளவில் ஒரு குழி.

கையுறையைக் கழற்றி
விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

கருவி எண்பத்தொன்று என்றது.
அதையே எழுதிக்கொண்டேன்.